கொடுத்த கலமும் திரும்பும் கலமும்

பெங்களூரில் அல்சூர் ஏரிக்கு அண்மையில் ஜோகுபாளையம் என்றொரு பகுதி உண்டு. 1809ஆம் ஆண்டில் இந்நகரில் இராணுவக் குடியிருப்பு அமைந்ததைத் தொடர்ந்து இந்தப் பக்கத்தில் வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்கள் பல. அவர்களுக்கு வெகுகாலம் பின்னால் வந்த நானும் இங்கேதான் குடியிருக்கிறேன். தண்ணீர் வரும் நாட்களில், பொழுது விடிவதற்கு முன்பே எங்கள் தெருக் குழாயடியில் குடங்கள் வரிசையாக நிற்கும். குடத்துக்கு உரியவர்கள் அங்கே இருக்கமாட்டார்கள். குழாயில் எந்த நிமிஷத்தில் தண்ணீர் வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தபின் குடம் தேடி வீட்டுக்கு ஓடினால் தண்ணீர் மண்ணில் போய்விடும். ஆகையால் காலிக் குடத்தை முன்கூட்டியே வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்க்கப் போகிறார்கள். இந்தக் குடவரிசையை மனத்தில் இருத்திக்கொண்டால், இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தில் பாதி விளங்கிவிடும்.

விஷயம் இதுதான். ஒரே கணிப்பொறிக்குள் பல கணிப்பொறிகள் குடியிருக்கும் இக்காலத்தில், வெளியிலிருந்து வரும் செய்திகளை ஏந்திக்கொள்ளும் கலங்களை எவ்வாறு நிர்வகிக்கிறார்கள் என்பது. கலைப் பாடம் பயின்று, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாக வேலை பார்க்கும் எனக்கும் இந்தப் பொறியியல் விஷயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் ஒரு சொல்லில் தொடங்கி, ஒரு பெண்ணின் படிப்புதவியில் வந்து நின்றது.

சொல்லை முதலில் சொல்கிறேன். ஆங்கிலத்தில் ‘பஃபர்’ என்பார்கள். இரயில் பெட்டிகள் இரண்டும் மோதும்போது அதிர்ச்சியைத் தாங்கும் உறுப்புக்கும் அதே பெயர்தான். கணிப்பொறித் துறையில் இதற்கு ‘இடையகம்’ என்று தமிழில் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் நல்ல பெயரே. ஆனால் அதைப் படிக்கும்போது எனக்கு ஓர் அறைதான் நினைவுக்கு வருகிறது. இங்கே வேண்டியதோ எடுக்கவும், கொடுக்கவும், நிரப்பவும், கவிழ்க்கவும், திருப்பித் தரவும் கூடிய ஒன்று. ஆதலால் இந்தப் பேச்சில் அதைக் ‘கலம்’ என்றே சொல்லப்போகிறேன்.

இனி அந்தப் பெண்ணின் கதை. எங்கள் வளவில், தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து நான்கு வீடுகளில் வேலை செய்து, தம் ஒரே மகளைக் கல்லூரியில் படிக்கவைத்த ஓர் அம்மையார் இருக்கிறார். அரசாங்கப் படிவம் எதுவானாலும் அக்கம்பக்கத்தார் என்னிடம் கொண்டுவருவது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு படிப்புதவிக்கான விண்ணப்பத்தைக் கடைசி நாளன்று இரவு கொண்டுவந்தார்கள். சான்றிதழ் ஒன்று அன்று மாலைதான் கைக்குக் கிடைத்திருந்தது. ஒன்பது மணிக்கு உட்கார்ந்தோம். பெயர் ஏறியது, ஊர் ஏறியது, சான்றிதழை அனுப்பும் இடத்தில் வந்து திரை நின்றுவிட்டது. பத்து மணி ஆயிற்று; பதினொன்றும் ஆயிற்று. “எல்லாருக்கும் இப்படித்தானாம், சார்,” என்று அந்தப் பெண் தோழியரிடம் கேட்டுச் சொன்னாள். நள்ளிரவு தாண்டிப் பத்து நிமிஷத்தில் திரைக்கு உயிர் வந்தது. காலம் முடிந்துவிட்டது என்ற ஒரு வரியை அது காட்டியது. அந்த ஆண்டு அவளுக்கு உதவித்தொகை இல்லை.

மேல்மாடியில் குடியிருக்கும் இளைஞர் ஒருவர் கணிப்பொறித் துறையில் வேலை செய்பவர். மறுநாள் இதைச் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அந்தப் பொறிக்கு அன்றிரவு என்ன நோவு என்று எனக்குத் தெரியாது, சார். ஆனால் இதே குறி காட்டும் ஒரு நோயை எனக்குத் தெரியும். எங்கள் இடத்தில் மூன்று இரவு உட்கார்ந்து நானே கண்டுபிடித்தேன். ஒரு வரிப் பிழை,” என்றார். அந்த ஒரு வரி என்ன என்று நான் கேட்டேன். அவர் சொன்னதையும், அதன்பின் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில், ஒரு கணிப்பொறிக்குள் பல கணிப்பொறிகள் என்பது என்ன? நம்மவர்க்கு இது புதிதல்ல. ஒண்டுக்குடித்தனம் தெரியாத தமிழர் உண்டா? கன்னடத்திலும் இப்படிப்பட்ட வீட்டுத் தொகுதிக்கு ‘வடார’ என்று பெயர் உண்டு. ஒரு கூரை, ஒரு வாசல், ஒரு கிணறு. உள்ளே ஆறு குடித்தனம். ஒவ்வொரு குடித்தனமும் தன் கதவைச் சாத்திக்கொண்டால் தனி வீடு போல இருக்கும். அவ்வாறே, ஆற்றல் மிக்க ஒரு கணிப்பொறியைப் பங்கிட்டு, ஒவ்வொரு பங்கையும் தனிக் கணிப்பொறி என்று எண்ணும்படி அமைத்துவிடுகிறார்கள். இதை மெய்நிகர் கணிப்பொறி என்கிறோம். ஐ.பி.எம். நிறுவனத்தார் 1960களிலேயே இதைச் செய்து பார்த்து, 1972இல் தங்கள் பெருங்கணிப்பொறிகளுக்கு வி.எம்./370 என்ற பெயரில் அறிவித்தார்கள். 1999இல் வி.எம்.வேர் நிறுவனம் மேசைமீது வைக்கும் சாதாரணக் கணிப்பொறிக்கும் இதைக் கொண்டுவந்தது. 2003இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் ‘ஜென்’ என்ற அமைப்பை விளக்கி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கேம்பிரிட்ஜ் என்றால் எங்கள் ஜோகுபாளையத்தை அடுத்த கேம்பிரிட்ஜ் லேஅவுட் அன்று, இங்கிலாந்திலுள்ளது. இன்று நாம் பயன்படுத்தும் அரசு அலுவல்கள், வங்கிக் கணக்குகள், கடிதங்கள், பேச்சுகள் ஆகியவற்றில் மிகப் பல இத்தகைய ஒண்டுக்குடித்தனங்களில்தான் நடைபெறுகின்றன.

ஆங்கிலத்தில் பெரிய கணிப்பொறியை விருந்தளிப்பவர் என்றும், உள்ளே இருப்பவற்றை விருந்தினர் என்றும் பொருள்படும் சொற்களால் குறிக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் அதில் எனக்கு ஓர் ஆட்சேபம் உண்டு. விருந்தினர் வாடகை கொடுப்பதில்லை. அடுத்த அறை விருந்தினர் தம் பெட்டியைத் திறப்பாரோ என்று அஞ்சுவதுமில்லை. ஆகவே வீட்டுக்காரர், குடித்தனக்காரர் என்று சொல்வதே பொருந்தும்.

வெளியுலகச் செய்திகள் கம்பி வழியே சிறு சிறு பொட்டலங்களாக வருகின்றன. சாதாரணமாக ஒரு பொட்டலத்தில் 1500 பைட்டு அளவு சரக்கு அடங்கும். கம்பி வந்து சேரும் உறுப்பு, அதாவது நெட்வொர்க் கார்டு, பெரும்பாலும் வீட்டுக்காரருக்கே உரியது. குடித்தனக்காரருக்கு உள்ளதோ நிஜமான கார்டு அன்று. கார்டு போன்ற ஒரு தோற்றம். தெருவாசலில் தபால்காரரிடம் வீட்டுக்காரர் வாங்கி வைத்து, உரிய குடித்தனத்துக்கு உள்ளே எடுத்துக் கொடுப்பது போன்ற ஏற்பாடு இது. இந்தக் கைமாற்றத்தை நடத்துவதற்கு இரு பக்கத்திலும் ஆளுக்கொரு நிரல் இருக்கிறது. அந்த நிரலுக்குத்தான் டிரைவர் என்று பெயர். இயக்கி என்றும் சொல்லலாம்.

இப்போது குழாயடிக்கு வருவோம். பொட்டலம் எப்போது வரும் என்று குடித்தனக்காரரின் டிரைவருக்குத் தெரியாது. ஆகையால் அது தன் நினைவகத்திலிருந்து காலிக் கலங்களை எடுத்து, இன்ன இடத்தில் இன்ன அளவில் ஒரு கலம் இருக்கிறது என்று ஒரு பட்டியலில் எழுதி வைத்துவிடுகிறது. பொட்டலம் வந்ததும் வீட்டுக்காரர் பக்கத்து நிரல் பட்டியலைப் பார்த்து, அடுத்த காலிக் கலத்தில் அதை நிரப்பி, இன்ன கலம் நிறைந்தது, இவ்வளவு நிறைந்தது என்று வேறொரு பட்டியலில் குறிக்கிறது. குடித்தன டிரைவர் அதைப் பார்த்து நிறைந்த கலத்தை எடுத்துக்கொண்டு, அதன் இடத்தில் இன்னொரு காலிக் கலத்தை வைக்கிறது. கடைசி வரி தீர்ந்ததும் முதல் வரிக்குத் திரும்பி எழுதுவதால், இப்பட்டியல்களை வளையம் என்பார்கள். இந்த முறையை எல்லா அமைப்புகளுக்கும் பொதுவாக்க வேண்டும் என்று ஆஸ்திரேலியரான ரஸ்டி ரஸ்ஸல் ‘விர்ட்-ஐ-ஓ’ என்ற ஏற்பாட்டை வகுத்தார். அது 2008 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் பதிப்பில் இடம்பெற்றது. 2016இல் தரநிர்ணயமாகவும் ஏற்கப்பட்டது.

இதிலே ஒரு நியாயம் அடங்கியிருக்கிறது. பட்டியலில் எழுதி வைத்த கணத்திலிருந்து கலம் வீட்டுக்காரர் கையில் இருப்பதாகப் பொருள். அது நிறைந்து திரும்பும்வரை குடித்தன டிரைவர் அதைத் தொடலாகாது. திரும்பியபின் வீட்டுக்காரர் தொடலாகாது. ஒரே குடத்தின் வாயை இரண்டு பேர் பிடித்திருந்தால் என்ன ஆகும் என்று குழாயடிக்குப் போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எத்தனை கலம் வைப்பது? வழக்கத்திலுள்ள ஓர் எண்ணிக்கை 256. இது தாராளம் என்று எனக்குத் தோன்றியது. இளைஞர் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். விநாடிக்கு நூறு கோடி பிட்டு ஓடக்கூடிய கம்பியில் முழு அளவுப் பொட்டலங்கள் விநாடிக்கு ஏறக்குறைய 81,000 வரமுடியும். அந்த வேகத்தில் 256 கலங்களும் நிறைவதற்கு ஒரு விநாடியில் முந்நூறில் ஒரு பங்குகூட ஆகாது; மூன்று மில்லி விநாடி சொச்சம். அதற்குள் டிரைவர் விழித்துக்கொண்டு புதுக் கலம் வைக்காவிட்டால் மேற்கொண்டு வருவது மண்ணில்தான்.

அளவும் ஒரு கேள்வியே. சிறு பொட்டலங்கள் பலவற்றை வீட்டுக்காரர் சேர்த்துக் கட்டி ஒரே மூட்டையாகவும் தரலாம். அதனால் வேலை மிச்சம். ஆனால் எந்தக் கலத்தில் மூட்டை வரும் என்று தெரியாதே! எனவே ஒவ்வொரு கலத்தையும் 65,562 பைட்டு கொள்ளும்படி வைக்க நேர்ந்தது. சாதாரணப் பொட்டலத்துக்கோ 1526 பைட்டு போதும். அதாவது 256 கலங்களுக்கு நான்கு லட்சம் பைட்டுக்குள் முடிய வேண்டிய இடம், ஒரு கோடியே 67 லட்சம் பைட்டுக்கு மேல் போயிற்று. ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஓர் அண்டாவை வைத்த கதை. இதற்குக் கண்ட வழி, சிறு கலங்களையே வைப்பது, மூட்டை வந்தால் அடுத்தடுத்த கலங்களில் பகிர்ந்து ஊற்றி, இத்தனை கலமும் சேர்ந்து ஒன்று என்று முகப்பில் குறித்து விடுவது. எளிய யோசனைதான், ஆனால் எத்தனை கலம் என்ற எண்ணிக்கையில் பிழை வரலாகாது.

கலங்கள் குறைந்தால் நஷ்டம். சரி, ஆயிரமாயிரமாக வைத்துவிட்டால் என்ன? அதிலும் ஒரு தீமை இருக்கிறது. நம் நாட்டு ஏரிகளைக் கட்டியவர்கள் மதகு மட்டும் வைத்து நிறுத்தவில்லை. மிகுந்த நீர் வழிந்து போகக் கலிங்கும் வைத்தார்கள். வழியவிடாத ஏரி கரையை உடைக்கும். கணிப்பொறியில் கரை உடைவதில்லை, காலம் கெடுகிறது. வரிசை நீண்டால் ஒவ்வொரு பொட்டலமும் நெடுநேரம் காத்துக் கிடக்கும். நீங்கள் கல்கத்தாவிலிருந்து ஊரிலுள்ள தாயாரோடு பேசும்போது, அவர் குரல் மூன்று விநாடி கழித்து வந்து சேர்ந்தால் அது உரையாடல் ஆகுமா? ஜிம் கெட்டிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 2010இன் இறுதியில் இந்நோய்க்கு ‘பஃபர்புளோட்’ என்று பெயர் சூட்டினார். கலவீக்கம் என்று சொல்லலாம். கேத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்சன் ஆகிய இருவரும் 2012இல் இதற்கு ஒரு மருந்து சொன்னார்கள். வரிசையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுவதை விட்டு, ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் நின்றார் என்று பார். காத்திருப்பு 5 மில்லி விநாடிக்குக் கீழே இறங்காமலே தொடர்ந்து நீடிக்குமானால் சிலவற்றை வழியவிடு என்பது அதன் சாரம். வழிந்ததைக் கண்டு, அனுப்புகிறவர் வேகத்தைக் குறைத்துக்கொள்வார். இங்கே கலிங்கின் தத்துவமே வேறு உடையில் வந்திருக்கிறது.

இதுவரை சொன்னது எண்ணிக்கையும் அளவும். இளைஞர் முக்கியமாகச் சொன்னது வேறு. கலத்தைக் கைமாற்றுகிறவர்களுக்கு மூன்று கடமைகள் உண்டு என்றார் அவர். திருப்பித் தரவேண்டும், கழுவித் தரவேண்டும், எண்ணித் தரவேண்டும். மூன்றிலும் தவறு நேர்ந்ததுண்டு. நான் மேலே சொன்ன ஜென் அமைப்பிலேயே மூன்றுக்கும் சான்று கிடைக்கிறது. அந்த அமைப்பைப் பராமரிப்பவர்கள் தங்கள் குறைகளை எண்ணிட்டுப் பகிரங்கமாக அறிவிக்கும் நல்ல வழக்கம் உடையவர்கள். அதனால்தான் நாம் தெரிந்துகொள்ள முடிகிறது.

முதலாவது, திருப்பித் தருதல். 2013 பிப்ரவரியில் வெளியான 39ஆம் எண் அறிவிப்பைப் பாருங்கள். வீட்டுக்காரர் பக்கத்து டிரைவர், பொட்டலம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தபோதெல்லாம் கலத்தைத் திருப்பிவிட்டது. குடித்தனக்காரரிடமிருந்து பிழையான வேண்டுகோள் வந்து வேலை பாதியில் முறிந்தபோது மட்டும், அதற்கென எடுத்த நினைவகத்தைத் திருப்ப மறந்தது. வேண்டுமென்றே பிழையான வேண்டுகோள்களை அனுப்பி, அக்கம்பக்கத்துக் குடித்தனங்களும் தவிக்கும்படி வீட்டுக்காரரின் நினைவகத்தைத் தீர்த்துவிடலாம் என்பது அதனால் நேர்ந்த அபாயம்.

எங்கள் மேல்மாடி இளைஞர் மூன்று இரவு தேடிய ஒரு வரியும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. இணைப்பு இடையில் அறுந்தால் கலத்தை வளையத்துக்குத் திருப்பும் வரி, அவர் பார்த்த நிரலில் விடுபட்டிருந்தது. சாதாரண நாளில் இணைப்பு அறுவது அபூர்வம். நாளுக்கு ஒரு கலம் தொலைந்தால் 256 கலமும் தீர எட்டு மாதத்துக்கு மேல் ஆகும். நடுவில் யாராவது பொறியை அணைத்துப் போட்டால் எல்லாக் கலங்களும் புதிதாக வந்துவிடும், நோய் மறைந்துவிடும். “அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது என்று எல்லாரும் சொல்வார்கள், சார். அது மருந்தன்று, மறதி,” என்றார் அவர். ஆனால் பல்லாயிரம் பேர் ஒரே இரவில் கதவைத் தட்டும் நாளில், பொறுமையிழந்து அறுத்துக்கொள்ளும் இணைப்புகள் கணக்கில்லாமல் பெருகும். ஒவ்வொன்றும் ஒரு கலத்தைக் கொண்டுபோகும். கடைசிக் கலமும் போனபின் பொறி விழித்திருக்கும், வேலையின்றி இருக்கும், ஆனால் வாசலில் குடமே இராது. வந்ததெல்லாம் மண்ணில் போகும். ஆகவே இந்த நோய் கடைசி நாளில்தான், கடைசி மணியில்தான் தாக்கும். கடைசி மணியில் வருகிறவர்கள் யார்? பெரும்பாலும் எங்கள் வளவு அம்மையாரைப் போல, சான்றிதழுக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அலைந்தவர்கள்தாம்.

இரண்டாவது, கழுவித் தருதல். 2022 ஜூலையில் வெளியான 403ஆம் எண் அறிவிப்பு இதைப் பற்றியது. அங்கே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ளும் அளவு ஒரு பக்கம், அதாவது 4096 பைட்டு. அதற்குக் குறைத்துப் பகிர வழியில்லை. அனுப்ப வேண்டிய பொட்டலம் 100 பைட்டே ஆனாலும், அது இருக்கும் பக்கம் முழுவதும் எதிர்ப்பக்கத்தார் கண்ணில் படும். மீதி இடத்தில் முன்பு என்ன இருந்ததோ அது அப்படியே கிடக்கலாம். ஒருவருடைய கடிதமாக இருக்கலாம், கடவுச்சொல்லாகவும் இருக்கலாம். குடித்தன டிரைவர்கள் பக்கத்தைத் துடைக்காமலே பகிர்ந்து வந்தார்கள் என்பது அந்த அறிவிப்பின் ஒரு பகுதி. அடுத்த வீட்டுக்குக் குழம்புக் கிண்ணத்தைக் கழுவாமல் அனுப்பினால் நேற்று நாம் என்ன சமைத்தோம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும் அல்லவா? 2003இலேயே வேறு வகையில் இதே தவறு வெளிப்பட்டிருந்தது. ஈதர்நெட் பொட்டலத்துக்குக் குறைந்த அளவு என்று ஒன்று உண்டு. சிறிய பொட்டலத்தை அந்த அளவுக்கு நிரப்ப, பல டிரைவர்கள் சுழியத்தை இடாமல், நினைவகத்தில் கிடந்த பழைய சரக்கையே இட்டு அனுப்பிக்கொண்டிருந்தன. பத்தொன்பது ஆண்டு கழித்தும் கிண்ணம் கழுவும் பாடம் மறுபடியும் படிக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது, எண்ணித் தருதல். இது இரண்டு அறிவிப்புகளில் நடந்த கதை. 2022 டிசம்பரில் வந்த 423ஆம் எண் அறிவிப்பு ஒரு விசித்திரத்தைச் சொன்னது. பொட்டலத்தின் முகவரிப் பகுதிகள் எல்லாம் ஒரே துண்டில் சேர்ந்திருக்கும் என்று லினக்ஸின் மற்றப் பாகங்கள் நம்பியிருந்தன. அப்படி இருக்க வேண்டும் என்று எங்கும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. நம்பிக்கை மட்டும் இருந்தது. ஒரு குடித்தனக்காரர் முகவரியையே துண்டு துண்டாக்கி அனுப்பினால் சில கார்டுகள் திக்குமுக்காடி நின்றுவிடும். அப்போது வளவு முழுவதற்கும் தபால் நின்றுவிடும். இதைத் திருத்தி, துண்டுகளை ஒன்று சேர்க்கும் நிரலைப் புதிதாக எழுதினார்கள். அந்தத் திருத்தத்திலேயே ஒரு கணக்குப் பிழை புகுந்துவிட்டது. விதி அனுமதிக்கும் அதிகபட்சத் துண்டுகளாகப் பிரிந்தும், மொத்தத்தில் மிகச் சிறியதாக இருக்கும் ஒரு பொட்டலம் வரக்கூடும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. வந்தால் ஒதுக்கிய இடம் நிரம்பி, பக்கத்து நினைவகத்தில் எழுத்து வழிந்து விழும். எட்டு மாதம் கழித்து, 2023 ஆகஸ்டில் 432ஆம் எண் அறிவிப்பு அதை வெளிப்படுத்திச் சரிசெய்தது. ஒட்டை அடைக்கப் போனவர் விட்ட ஒட்டை. இதைச் சொல்லி அவர்களைக் குறைகூறுவது என் எண்ணம் அன்று. மிகச் சிறியது மிகப் பல துண்டுகளாக வரும் என்று யார்தான் நினைப்பார்கள்? நினைக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

நேயர்களே, எழுதப்படாத நம்பிக்கை என்ற செய்தி என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. மொழிபெயர்ப்பு வேலையிலும் பெரும் பிழைகள் கடினமான சொற்களில் நேர்வதில்லை. இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று எழுதியவர் எழுதாமல் விட்ட இடத்தில்தான் நேர்கின்றன. வெளி மாநிலத்தில் வாழ்கிற நமக்கும் இது தெரியாததல்ல. ஊரில் இருந்தவரை, கொடுத்த பாத்திரம் திரும்பும் என்பதை ஒருவரும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. புது ஊரில், வேறு மொழி பேசும் வீட்டுக்காரரோடும், வேறு வழக்கமுள்ள அண்டை வீட்டாரோடும் வாழும்போது எதையும் தானாக நடக்கும் என்று விட்டுவிட முடிவதில்லை. முன்பணம் இவ்வளவு, தண்ணீர் முறை இன்ன நாள், சாவி யார் கையில் என்று பேசி வைத்துக்கொள்கிறோம். அது அவநம்பிக்கையன்று, கூடி வாழ்வதற்கான ஒழுங்கு. டிரைவர் எழுதுகிறவர்களும் இப்போது அந்த முடிவுக்கே வந்திருக்கிறார்கள். குடித்தனக்காரர் சொல்லும் அளவை வீட்டுக்காரர் சரிபார்க்கிறார். வீட்டுக்காரர் சொல்லும் அளவைக் குடித்தனக்காரரும் சரிபார்க்கிறார். ஒருவரையொருவர் நம்பாமலே ஒருவருக்கொருவர் கெடுதி இல்லாமல் வாழ வழி தேடுகிறார்கள்.

நம் குடும்பங்களிலிருந்து எத்தனையோ இளைஞர்கள், பெங்களூரிலும் புனேயிலும் ஹைதராபாத்திலும் இத்துறையில் வேலை செய்கிறார்கள். அவர்கள் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வேண்டுகோள். எல்லாம் ஒழுங்காக நடக்கும் பாதையைச் சோதித்துப் பார்க்கப் பலர் இருக்கிறார்கள். முறிந்துபோகும் பாதையில், எடுத்த கலம் திரும்புகிறதா என்று ஒரு முறை பாருங்கள். அணைத்துப் போட்டால் சரியாகிறது என்று ஒருவர் சொன்னால், அங்கே திரும்பாத கலம் ஒன்று இருக்கலாம் என்று ஐயப்படுங்கள். அந்தப் பாதையின் மறுமுனையில் இரவு பதினொரு மணிக்குத் திரைமுன் உட்கார்ந்திருப்பவள் உங்கள் தங்கையாகவும் இருக்கலாம்.

அந்தப் பெண்ணின் செய்தியைச் சொல்லி முடிக்கிறேன். இழந்த ஓராண்டுத் தொகைக்காக அவள் தாயார் ஐந்தாவது வீடு ஒன்றிலும் வேலை ஏற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டு, விண்ணப்பம் திறந்த முதல் நாள் காலையிலேயே தாயும் மகளும் என் வீட்டு வாசலில் நின்றார்கள். கால் மணியில் வேலை முடிந்தது, தொகையும் வந்தது. அன்று அந்த அம்மையார் ஒரு தூக்குப் பாத்திரத்தில் பாயசம் கொண்டுவந்து கொடுத்தார். மாலையில் என் மனைவி அதைக் கழுவித் துடைத்து, கையில் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் புறப்பட்டாள். மேல்மாடி இளைஞர் படியில் இறங்கி வந்துகொண்டிருந்தார். பாத்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இருவரும் சிரித்துக்கொண்டோம்.